கொடையும் வரியும்

கொடை என்னும் சொல்லைக் கேட்ட அளவிலே தமிழர் நெஞ்சம் கடையெழு வள்ளல்களை நினைக்கின்றது. முல்லைக்குத் தேர் ஈந்த பாரியும் மயிலுக்குப் போர்வை அளித்த பேகனும் நம் நினைவில் வந்து நிற்கின்றனர். அவர்கள் கொடுத்ததெல்லாம் உறவல்லாதார்க்கு. தன் மகனுக்கு நிலம் கொடுத்த தந்தையையும், பேத்திக்குக் காதணி கழற்றித் தந்த பாட்டியையும் புலவர் பாடுவதில்லை. அது குடும்பத்தின் இயல்பு என்று விட்டுவிட்டனர். ஆயின் புலவர் பாடாது விட்ட அந்த வீட்டுக் கொடையை வரிச்சட்டம் மட்டும் விடாது பின்தொடர்ந்து வந்திருக்கின்றது. அந்தத் தொடர்ச்சியின் வரலாற்றையே மாணவர்களாகிய உங்களுக்கு இங்குக் கூற விரும்புகிறேன்.

இதனைப் பேசுமாறு என்னைத் தூண்டியவர் ஒரு மூதாட்டி. வாலாஜாபாத்து வட்டாரத்தில், பத்திரம் எழுதும் இடத்துத் திண்ணை ஒன்றில் அவரைக் கண்டேன். ஒரகடம் செல்லும் சாலையை ஒட்டி அவருக்குச் சிறிது புஞ்சை நிலமும் ஓர் ஓட்டு வீடும் உண்டு. கடலை பயிரிட்ட காலத்தில் எவரும் விலை கேளாத அந்நிலம், தொழிற்சாலைகள் வந்தபின் பெருமதிப்பு அடைந்துவிட்டது. இரண்டையும் தம் இளைய மகன் பெயருக்கு எழுதிவைக்க வந்திருந்தார். பத்திரம் எழுதுபவர் தாளை நிரப்பிக்கொண்டிருக்க, அவர் என்னை நோக்கி இரண்டு வினாக்களைக் கேட்டார்: “நான் பெத்த பிள்ளைக்குக் கொடுக்கிறதுக்கும் வரி உண்டா ஐயா?” என்பது முதல் வினா. சிறிது நேரம் கழித்து, குரலைத் தாழ்த்தி, “கொடுத்தப்புறம் நான் எங்கே இருப்பேன்?” என்றார். முதல் வினாவிற்கு வரலாறு விடை கூறும். இரண்டாவதற்கும் சட்டத்தில் ஒரு விடை உண்டு. அதைப் பின்னர்ச் சொல்வேன்.

கொடையும் வரியும் ஒன்றோடொன்று பிணைந்து வருவது இம்மண்ணிற்குப் புதிதன்று. வாலாஜாபாத்திற்குத் தெற்கே பாலாற்றைக் கடந்து சென்றால் உத்திரமேரூர் வரும். முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-இலும் 921-இலும் பொறிக்கப்பெற்ற குடவோலைக் கல்வெட்டுக்களால் உலகப் புகழ் பெற்ற ஊர் அது. சோழர் காலத்தில் கோயிலுக்கோ அறச்சாலைக்கோ நிலம் கொடுப்பவர், அந்நிலத்தின்மேல் உள்ள வரியைப் பற்றியும் எண்ணிப் பார்க்கவேண்டியிருந்தது. நிலம் கைமாறினும் அரசனுக்குரிய இறை ஒழியாது அன்றோ? ஆதலின் கொடையாளர் ஊர்ச்சபையாரிடம் ஒரு தொகையை முன்னதாகவே கொடுத்துவிடுவார். இதனை ‘இறைகாவல்’ என்று வழங்கினர். அதனைப் பெற்றுக்கொண்ட சபையார், அந்நிலத்திற்குரிய வரியைத் தாமே ஏற்று, நிலத்தை ‘இறையிலி’ ஆக்குவர். கொடுப்பவர் மனம் நிறைந்தால் மட்டும் கொடை நிறைவடையாது, அதன் வரிக்கும் ஒருவர் பொறுப்பேற்கவேண்டும் என்னும் தெளிவு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே நம் ஊர்களில் இருந்தது.

வாலாஜாபாத்து என்னும் பெயரே ஒரு பெருங்கொடையின் கதையை நினைவூட்டுவது. ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி வாலாஜாவின் பெயரால் அமைந்தது இவ்வூர். அந்நவாபு 1763-ஆம் ஆண்டில் செங்கற்பட்டுச் சீமையை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியாருக்கு ‘ஜாகீர்’ ஆக அளித்தார். ஜாகீர் என்பது அரசர் அளிக்கும் நில மானியம். எனினும் அது கைம்மாறு கருதாத கொடையன்று. கம்பெனியார் செய்த படையுதவியும், அதனால் நவாபின்மேல் ஏறிய கடன்களுமே அதற்குக் காரணம். கொடை என்று பெயர் சூட்டிய ஒன்று உண்மையில் கொடைதானா, அன்றி வேறொரு கணக்கின் தீர்வா என்னும் இந்த வினா, பிற்காலத்து வரி அதிகாரிகள் ஒவ்வொரு குடும்பப் பத்திரத்தின்மேலும் எழுப்பிய வினாவேயாகும்.

ஆங்கிலேயர் ஆட்சி நிலைபெற்றபின், முன்னாள் அரசர்கள் வரியின்றியோ குறைந்த வரியிலோ விட்டிருந்த இனாம் நிலங்களை ஆராய்வதற்குச் சென்னை மாகாணத்தில் 1858-இல் இனாம் கமிஷன் ஒன்று அமைந்தது. டெய்லர் என்னும் அதிகாரி அதன் தலைவர். கொடை உண்மைதானா, யார் கொடுத்தார், யார் அனுபவிக்கின்றார் என்று அவர்கள் ஊர் ஊராக விசாரித்தனர். உரிமையை மெய்ப்பித்து, ஆண்டுதோறும் ஒரு சிறு தீர்வை கட்ட இசைந்தவர்க்கு நிலத்தைச் சொந்தச் சொத்தாக உறுதிசெய்து பட்டயம் கொடுத்தனர். சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 1958-இல், சுதந்தர இந்தியா மற்றொரு கோணத்திலிருந்து கொடையை ஆராயத் தொடங்கிற்று.

அதற்குக் காரணம் யாது? வருமானவரியின் அமைப்பே காரணம். வருமானம் ஏற ஏற வரியின் விகிதமும் ஏறுவது இவ்வரியின் தன்மை. ஒரு கற்பனைக் கணக்கினைக் கொள்வோம். முதல் நூறு ரூபாய்க்கு வரியில்லை. அதற்கு மேற்பட்டதில் கால்பங்கு வரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இருநூறு ரூபாய் வருமானமுடைய ஒருவர் இருபத்தைந்து ரூபாய் கட்டவேண்டும். அவரே வருமானந்தரும் சொத்தில் பாதியை மனைவி பெயருக்கு மாற்றிவிட்டால், இருவருக்கும் நூறு நூறு ஆகின்றது. வரி ஒரு காசும் இல்லை. வீட்டிலோ ஒரே உலை, ஒரே சோறு. கொடுத்தவர் எதையும் இழக்கவில்லை. அரசுக்கு மட்டும் இழப்பு. இதனைக் கண்டே, 1922-ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டத்தில் 1937-இல் ஒரு திருத்தம் செய்தனர். கணவன் தக்க பிரதிபலன் இன்றி மனைவிக்கு மாற்றிய சொத்திலிருந்து வரும் வருமானத்தைக் கணவன் கணக்கிலேயே சேர்க்கவேண்டும் என்று அது விதித்தது. இவ்விதி இன்றளவும் வாழ்கின்றது; காலப்போக்கில் மருமகளுக்கும் விரிந்தது. 1992-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், வயது வாராத மக்களின் வருமானமும், அவர்கள் தம் உழைப்பாலும் திறனாலும் ஈட்டியது நீங்கலாக, பெற்றோர் கணக்கில் சேர்கின்றது.

வாழ்வோரின் கணக்கு இவ்வாறாக, இறந்தோரின் கணக்கு 1953-இல் திறக்கப்பட்டது. அவ்வாண்டு அக்டோபர் 15 முதல் நடைமுறைக்கு வந்த எஸ்டேட் தீர்வைச் சட்டம், ஒருவர் இறந்தபின் அவர் விட்டுச்சென்ற சொத்தின்மேல் வரி விதித்தது. சாவதற்கு முன்னே கொடுத்துவிட்டால் தப்பலாம் அன்றோ? அதனைத் தடுக்க, இறப்பதற்கு முன் இரண்டு ஆண்டுகளுக்குள் செய்த கொடைகளையும் எஸ்டேட்டில் சேர்த்தனர். எனினும் இரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே கொடுத்தவர்க்குத் தடையேதும் இல்லை. செல்வர் பலர் உடல்நலத்தோடு இருக்கும்போதே சொத்தைப் பகிர்ந்து கொடுத்தனர். வேலியில் ஓர் ஓட்டையை அடைத்தால் ஆடு அடுத்த ஓட்டையைத் தேடும் என்பது உழவர் அறிந்த செய்தி.

இந்நிலையில் கேம்பிரிட்ஜ்ப் பல்கலைக்கழகத்துப் பொருளியல் அறிஞர் நிக்கலஸ் கால்டர் 1956-இல் இந்தியாவிற்கு வந்து, வரி அமைப்பை ஆராய்ந்து அறிக்கை ஒன்று அளித்தார். வருமானம், மூலதன ஆதாயம், செல்வம், செலவு, நன்கொடை ஆகிய ஐந்தின்மேலும் வரி இருந்தால், ஒன்றில் மறைந்தது மற்றொன்றில் வெளிப்படும் என்பது அவர் கருத்தின் சாரம். ஐந்தும் ஒரே வலையின் கண்ணிகள். நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி 1957-இல் செல்வ வரியையும் செலவு வரியையும் கொணர்ந்தார். முந்த்ரா விவகாரத்தால் 1958 பிப்ரவரியில் அவர் பதவி விலகவே, பிரதமர் ஜவஹர்லால் நேருவே நிதித்துறையையும் ஏற்று, அம்மாதம் 28-ஆம் நாள் வரவு செலவுத் திட்டத்தைச் சமர்ப்பித்தார். அதிலேதான் நன்கொடை வரி அறிவிக்கப்பட்டது. இலங்கையும் கால்டரின் யோசனையைக் கேட்டு, 1959-இல் செல்வம், செலவு, நன்கொடை ஆகியவற்றின்மேல் வரி விதித்தது.

1958-ஆம் ஆண்டு நன்கொடை வரிச் சட்டத்தில் வரி கட்டவேண்டியவர் கொடுப்பவரே, பெறுபவர் அல்லர். ஓர் ஆண்டில் 10,000 ரூபாய் வரையில் கொடுத்தால் வரியில்லை. அதற்கு மேல் 4 விழுக்காட்டில் தொடங்கி 40 விழுக்காடு வரை விகிதம் ஏறிச்சென்றது. குடும்ப அன்பையும் சட்டம் முற்றும் மறக்கவில்லை. வாழ்க்கைத் துணைக்கு ஒரு லட்சம் ரூபாய் வரையிலும், தம்மை அண்டி வாழும் உறவினர் ஒருவரின் திருமணத்திற்கு 10,000 ரூபாய் வரையிலும் விலக்கு இருந்தது. பூதான இயக்கத்திற்குக் கொடுத்ததற்கும் விலக்கு உண்டு. 1957 ஏப்ரல் முதல் நாளுக்கு முன் கொடுத்தவை மட்டும் சட்டத்தின் கைக்கு எட்டாதவை.

சட்டம் வந்த சில ஆண்டுகளிலேயே தமிழ்நாட்டிலிருந்து ஓர் அருமையான வழக்கு எழுந்தது. சட்ட மாணவர்கள் அதனைக் கெட்டி செட்டியார் வழக்கு என்று அறிவர். தந்தை, மகன், பேரர்கள் அடங்கிய ஓர் இந்துக் கூட்டுக்குடும்பம் பாகப்பிரிவினை செய்துகொண்டது. தந்தை தம் பங்கிற்கு உரியதைக் காட்டிலும் மிகக் குறைவாக எடுத்துக்கொண்டு, எஞ்சியதை மகன் கிளைக்கு விட்டார். ‘விட்டுக்கொடுத்த அவ்வளவும் நன்கொடையே, வரி கட்டுக’ என்றனர் வரித்துறையினர். வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. 1971-இல் அந்நீதிமன்றம் வரித்துறைக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. கூட்டுக்குடும்பத்தில் பிரிவினைக்கு முன்னர், ‘இது என் பகுதி’ என்று சுட்டத்தக்க தனிச்சொத்து எவருக்கும் இல்லை. எல்லாம் எல்லார்க்கும் பொது. பிரிவினை என்பது பொதுவில் இருந்த உரிமையைத் தனித்தனியே வகுத்துக்கொள்வது. ஒருவர் மற்றவருக்குச் சொத்தை மாற்றிக்கொடுப்பதன்று. ஆதலின் பங்குகள் ஏறத்தாழ இருப்பினும் அது நன்கொடையாகாது என்பதே தீர்ப்பின் கருத்து. புதிய வரிச்சட்டம் பழைய குடும்ப வழக்கத்தின்முன் தலைவணங்கிய இடம் இது.

இவ்வரியால் அரசு எதிர்பார்த்த பயன் கிடைத்ததா? கிடைக்கவில்லை. ஆண்டுதோறும் விலக்கு எல்லைக்குள் சிறிது சிறிதாகக் கொடுத்தோர் வரியிலிருந்து தப்பினர். நிலத்தின் மதிப்பு என்ன என்பதில் ஓயாத வழக்குகள் நடந்தன. தண்டிய தொகையோ மிகச் சிறிது. 1987-88 மதிப்பீட்டாண்டு முதல் படிப்படியான விகிதங்களை ஒழித்து, 30 விழுக்காடு என்ற ஒரே விகிதத்தை வைத்துப் பார்த்தனர். எஸ்டேட் தீர்வை 1985 மார்ச்சில் நீங்கிற்று. நன்கொடை வரியும் 1998 அக்டோபர் முதல் நாளன்றும் அதற்குப் பின்னும் செய்யும் கொடைகளுக்கு இல்லை என்று ஆயிற்று. அதற்கு முந்தைய மாதத்திலேதான், இருங்காட்டுக்கோட்டை ஆலையில் செய்த ஹூண்டாய் நிறுவனத்தின் முதற் கார் விற்பனைக்கு வந்தது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்து மண் பொன்னாக மாறத் தொடங்கிய காலமும், கொடுப்பவர்மேல் இருந்த வரி மறைந்த காலமும் இவ்வாறு ஒன்றாயின.

ஆறு ஆண்டுகள் கழித்து வரி மீண்டும் வந்தது; இம்முறை பெறுபவரைத் தேடி வந்தது. 2004 செப்டம்பர் முதல் நாள் தொட்டு, உறவல்லாதாரிடமிருந்து பிரதிபலன் இன்றி 25,000 ரூபாய்க்கு மேற்பட்ட பணம் பெற்றால், அது பெற்றவரின் வருமானம் ஆயிற்று. 2006-இல் இவ்வெல்லை ஓராண்டிற்கு மொத்தம் 50,000 ரூபாய் என உயர்ந்தது. 2009 அக்டோபர் முதல் நிலம், வீடு, நகை முதலிய சொத்துக்களும் இதில் அடங்கின. இங்கு மாணவர் கருதவேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. நண்பர் ஒருவரிடமிருந்து 50,000 ரூபாய் பெற்றால் வரியில்லை. 51,000 பெற்றால், மிகுந்த ஆயிரத்திற்கு மட்டுமன்று, 51,000 முழுவதற்குமே வரி. 1961-ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டத்திற்கு மாற்றாக 2025-இல் இயற்றி, 2026 ஏப்ரல் முதல் நாளிலிருந்து நடைமுறைக்கு உரியதாக்கிய புதிய சட்டத்திலும் இவ்விதி தொடர்கின்றது.

உறவினர் கொடுத்தால் எவ்வளவாயினும் வரியில்லை. உயில் வழியாகவோ வாரிசுரிமையாலோ வருவதற்கும், ஒருவர் தம் திருமணத்தின்போது பெறும் பரிசுகளுக்கும் வரியில்லை. உறவினர் யார் என்பதையும் சட்டமே பட்டியலிடுகின்றது: கணவன் அல்லது மனைவி, உடன்பிறந்தோர், துணைவரின் உடன்பிறந்தோர், தாய் தந்தையரின் உடன்பிறந்தோர், நேர்வழி முன்னோரும் பின்னோரும், துணைவரின் நேர்வழி முன்னோரும் பின்னோரும், இவர்கள் எல்லாருடைய துணைவர்கள். தமிழர் முறைவைப்போடு இதனை ஒப்பிட்டுப் பாருங்கள். தாய்மாமன் மருமானுக்கு ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தால் வரியில்லை. மாமன் தாயின் உடன்பிறந்தவர் அன்றோ? அதே மருமான் வளர்ந்து வேலைக்குச் சென்று, தன்னைத் தோளில் சுமந்த மாமனுக்கு ஒரு லட்சம் கொடுத்தால், மாமனுக்கு அது வருமானம் ஆகிவிடும். உடன்பிறந்தாள் மகன் அப்பட்டியலில் இல்லை. ஆயின் அம்மருமான் மாமன் மகளையே மணந்துகொண்டால், மகளின் கணவன் என்னும் முறையில் பட்டியலுக்குள் வந்துவிடுகின்றான், வரி நீங்கிவிடும். சட்டம் இயற்றியோர் நம் முறைமாப்பிள்ளையை எண்ணி இதனை எழுதவில்லை. எனினும் விளைவு அவ்வாறே அமைந்துவிட்டது. சிற்றப்பன் மக்களும் பெரியப்பன் மக்களும் நமக்கு அண்ணன் தம்பியரே. சட்டத்திற்கோ அவர்கள் உறவினர் அல்லர்.

உறவினர்க்குள் வரியில்லை என்பதால் விதியே இல்லை என்று எண்ணிவிடலாகாது. 2017 ஏப்ரல் முதல், ஒருவரிடமிருந்து ஒரே நாளில் இரண்டு லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவது தடுக்கப்பட்டுள்ளது; தந்தை மகனுக்குக் கொடுப்பதாயினும் வங்கி வழியே செல்வதுதான் முறை. கொடையாக வந்த நிலத்தைப் பின்னர் விற்கும்போது, கொடுத்தவர் வாங்கிய விலையே பெற்றவரின் அடக்கவிலையாகக் கொள்ளப்பெறும். ஆதலின் பழைய கிரயப் பத்திரத்தைப் பாதுகாத்து வைக்கவேண்டும். 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டத்தின்படி, அசையாச் சொத்தின் கொடை பதிவு செய்த பத்திரத்தால், குறைந்தது இரண்டு சாட்சிகளோடு நடைபெறவேண்டும். கொடுப்பவர் உயிரோடு இருக்கும்போதே பெறுபவர் ஏற்கவும் வேண்டும். முஸ்லிம்களின் ‘ஹிபா’ என்னும் கொடைமுறைக்கு அச்சட்டம் விலக்களித்துள்ளது. அறிவித்தல், ஏற்றல், உடைமையை ஒப்படைத்தல் என்னும் மூன்றும் அதற்கு உறுப்புக்கள். பதிவின்போது மாநில அரசுக்குரிய முத்திரைத் தீர்வையும் உண்டு. தமிழ்நாட்டில் குடும்பத்தாருக்குள் எழுதும் செட்டில்மென்ட் பத்திரத்திற்கு அது மதிப்பில் 1 விழுக்காடு. அதன் உச்ச அளவு 2023 ஜூலையில் 25,000 ரூபாயிலிருந்து 40,000 ரூபாயாக உயர்ந்தது.

ஆகவே மூதாட்டியின் முதல் வினாவிற்கு விடை தெளிவு: மகனுக்குக் கொடுப்பதற்கு வருமானவரி இல்லை, முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் மட்டும் உண்டு. இதனை நான் கூறியபோது அவர் முகம் மலரவில்லை. அவர் உள்ளத்தை அரித்துக்கொண்டிருந்தது இரண்டாம் வினா.

உயில் எழுதினால் உயிருள்ள வரையில் அதனை மாற்றலாம். செட்டில்மென்ட் எழுதிக்கொடுத்து, அது ஏற்கப்பட்டுவிட்டால், தம் விருப்பம்போல் திரும்பப் பெறுதல் இயலாது. நாடெங்கும் வீட்டை எழுதிக்கொடுத்துவிட்டு வாயிலில் நின்ற பெற்றோர் பலர் இருந்தமையாலேயே, 2007-இல் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் பிறந்தது. அதன் 23-ஆம் பிரிவின்படி, தம் அடிப்படைத் தேவைகளைக் கவனிக்கவேண்டும் என்னும் நிபந்தனையோடு மூத்த குடிமகன் கொடுத்த சொத்தைப் பெற்றவர், அதனை நிறைவேற்றாவிடில், அக்கொடையைத் தீர்ப்பாயம் செல்லாததாக அறிவிக்கலாம். அத்தகைய நிபந்தனை இருந்தது என்பது மெய்ப்பிக்கப்பட வேண்டும் என்று 2022-இல் உச்சநீதிமன்றம் கூறிற்று. முதியோரைக் காப்பதற்கென எழுந்த சட்டமாதலின் அதனைத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று 2025 ஜனவரியில் அந்நீதிமன்றமே வேறொரு வழக்கில் வலியுறுத்திற்று.

இதனை அறிந்தபின் நான் அம்மூதாட்டியிடம் கூறியது சிறிதே: தாம் வாழும் நாள்வரை அவ்வீட்டில் குடியிருக்கும் உரிமையும், உணவும் மருத்துவமும் அளிக்கவேண்டிய மகனின் கடமையும் பத்திரத்திலேயே எழுதப்பட வேண்டும் என்பது. அருகில் நின்ற மகன் முதலில் முகம் சுளித்தான், “என்னை நம்பலையா அம்மா?” என்றான். தாய் ஒன்றும் சொல்லவில்லை. பின்னர் அவனே பத்திரம் எழுதுபவரிடம் சென்று, அவ்வரிகளைச் சேர்க்கச் சொன்னான். அந்த ஒரு பத்தியால் பத்திரம் பெரிதும் நீண்டுவிடவில்லை. முத்திரைத் தீர்வையும் அதனால் ஒரு காசு கூடவில்லை.

மாணவர்களே, சோழர் காலத்துக் கொடையாளர் நிலத்தைக் கொடுத்தபோது வரிக்கும் வழி செய்துவிட்டே கொடுத்தார். அவர் கல்லில் எழுதியது, பின்வருவோர் மறவாதிருப்பதற்காக. உங்கள் இல்லங்களிலும் இத்தகைய பத்திரங்கள் எழுதப்படும் நாள் வரும். எழுதியதைப் படிக்கத் தெரிந்தவர் அன்று வீட்டில் நீங்களாகவே இருத்தல் கூடும். கையெழுத்திடுவதற்கு முன் அதனை முதலிலிருந்து இறுதி வரை, உங்கள் பாட்டியின் காதில் விழுமாறு உரக்கப் படித்துக் காட்டுங்கள்.